இரவு நோக்குக் கண்ணாடி: அது காட்டுவதும் காட்டாததும்

சூடான் நாட்டின் தலைநகராகிய கார்ட்டூமுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் வாதி சயித்னா என்னும் சிறு விமானத் தளம் ஒன்று உள்ளது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. வெளியேற வழியின்றித் தவித்த இந்தியர்களை மீட்கும் பணியில் நமது விமானப் படை ஈடுபட்டது. துறைமுகம் வரை செல்ல இயலாத 121 பேர் இத்தளத்தில் காத்திருந்தனர். அவர்களுள் நோயாளிகளும் ஒரு கர்ப்பிணியும் இருந்தனர். ஏப்ரல் 27ஆம் தேதிக்கும் 28ஆம் தேதிக்கும் இடைப்பட்ட இரவில் சி-130ஜே ரக விமானம் ஒன்று அங்கு இறங்கியது. ஓடுபாதையின் மேற்பரப்பு சிதைந்து கிடந்தது. விமானத்துக்கு வழிகாட்டும் சாதனங்கள் இல்லை, எரிபொருள் இல்லை, யாவற்றுக்கும் மேலாக, ஓடுபாதையைக் காட்டும் விளக்குகள் இல்லை. விமானிகள் முதலில் விமானத்தில் பொருத்தப்பட்ட அகச்சிவப்புக் கருவியால் ஓடுபாதையைச் சோதித்து, அதன்மீது தடை எதுவும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டனர். பின்னர், தலைக்கவசத்தில் பொருத்திய இரவு நோக்குக் கண்ணாடியின் துணையால் இறங்கினர். இயந்திரங்களை நிறுத்தாமலே மக்களை ஏற்றிக்கொண்டு ஜெட்டாவுக்குப் பறந்தனர்.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, இரவைப் பகலாக்கும் மாயக் கண்ணாடி ஒன்று விஞ்ஞானிகளின் கைக்குக் கிட்டிவிட்டது என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. திரைப்படங்களும் அவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. ஆயினும் இதே வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் காண்பது நன்று. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி இரவு, ஈரான் நாட்டில் பிணையாக வைக்கப்பட்டிருந்த தன் நாட்டு மக்களை மீட்க அமெரிக்கா ஒரு படையை அனுப்பியது. அங்கும் பாலைவனமே, அங்கும் சி-130 வகை விமானங்களே. ஹெலிகாப்டர் விமானிகள் அக்காலத்து இரவு நோக்குக் கண்ணாடிகளை அணிந்திருந்தனர். வழியில் காற்றில் மிதந்த நுண்ணிய தூசுப்படலத்துக்குள் அவர்கள் புகுந்தனர். கண்ணாடிகள் அத்தூசை ஊடுருவவில்லை. புறப்பட்ட எட்டு ஹெலிகாப்டர்களுள் ஆறே குறித்த இடத்தை அடைந்தன. அவற்றிலும் ஒன்று பழுதுற்றது. முயற்சியைக் கைவிட்டுத் திரும்ப முற்பட்ட வேளையில், ஒரு ஹெலிகாப்டர் தன் சுழலிறகு எழுப்பிய புழுதியில் திசை தவறி, தரையில் நின்ற விமானத்தின்மீது மோதியது. எண்மர் உயிரிழந்தனர். அவ்விபத்துக்குக் கண்ணாடியே காரணம் என்று கூறுதல் தகாது. ஆனால் அதைத் தடுக்கக் கண்ணாடியால் இயலவில்லை என்பது உண்மை.

இவ்விரு இரவுகளுக்கும் இடையே நாற்பத்துமூன்று ஆண்டுகள் உள்ளன. கருவிகள் பெரிதும் திருந்தியிருக்கின்றன. எனினும் அவற்றின் இயல்பான குறைகளுள் சில அன்று போலவே இன்றும் உள்ளன. அக்குறைகள் யாவை, அவை ஏன் நீங்கவில்லை என்பதை அறிய, முதலில் நம் கண்ணையும் இருளையும் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் இருள் என்று கூறுவது பெரும்பாலும் முழு இருள் அன்று. உச்சி வெயிலில் தரைமீது விழும் ஒளி ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ் அளவுள்ளது. முழுநிலவின் ஒளி கால் லக்ஸுக்கு மேற்படாது. நிலவில்லாத தெளிந்த வானத்தில் விண்மீன்களும் வான்வெளியும் தரும் ஒளி ஒரு லக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, நண்பகலின் ஒளியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. மேகம் மூடிய அமாவாசை இரவில் இதுவும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். இவ்வளவு பெரிய வேறுபாட்டையும் ஒரே கண் சமாளிக்கிறது என்பதே வியப்புக்குரியது.

விழித்திரையில் கூம்புகள், கோல்கள் என இருவகை உயிரணுக்கள் உள்ளன. கூம்புகள் ஏறத்தாழ அறுபது இலட்சம். கோல்கள் ஏறத்தாழ பன்னிரண்டு கோடி. கூம்புகள் நிறங்களையும் நுண்ணிய விவரங்களையும் காட்டும். ஆனால் அவற்றுக்கு நிறைந்த ஒளி வேண்டும். கோல்கள் மங்கிய ஒளியிலும் வேலை செய்யும். ஆனால் அவை நிறம் அறியா. வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் சென்றதும் கோல்கள் முழுத் திறன் பெற அரை மணி நேரத்துக்கு மேலாகும். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல்கள் இல்லை. ஆகையால் இருளில் ஒரு பொருளை நேரே உற்று நோக்கினால் அது மறைந்துவிடும். சற்று ஒதுங்கிப் பார்த்தால் தெரியும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சிறிது பக்கவாட்டில் நோக்கினால் கூடுதல் விண்மீன்கள் புலப்படுவது இதனாலேயே. இரவில் வரப்பின்மீது நடக்கும் உழவரும் கடலில் வலை இழுக்கும் மீனவரும் இதனைப் படிக்காமலே அறிவர்.

விண்மீன் ஒளியில் வெறுங்கண்ணின் கூர்மை மிகக் குறைவு. கண் மருத்துவர் காட்டும் எழுத்துப் பலகையில் மேலே தனித்து நிற்கும் பெரிய எழுத்தை ஆறு மீட்டர் தொலைவிலிருந்து படிப்பதற்கும் அப்போது கண் திணறும். மனிதன் நிற்கிறான் என்பது தெரியும்; அவன் கையில் இருப்பது தடியா துப்பாக்கியா என்பது தெரியாது. இக்குறையைப் போக்கவே இரவு நோக்குக் கருவிகள் தோன்றின.

முதலில் தோன்றியவை, தாமே ஒளி வீசிப் பார்க்கும் கருவிகள். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை ஒரு விளக்கினால் எதிரே பாய்ச்சி, அது பட்டுத் திரும்புவதை ஒரு குழாயின் வழியே பார்க்கும் முறை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பயன்பட்டது. ஜெர்மானியர் துப்பாக்கியின்மேல் விளக்கைப் பொருத்தி, மின்கலத்தை முதுகில் சுமந்தனர். அமெரிக்கர் 1945இல் ஒகினாவாத் தீவுப் போரில் இத்தகைய கருவியைக் கையாண்டனர். இதில் ஒரு பெருங்குறை உண்டு. எதிரியிடமும் அதே வகைக் கருவி இருந்தால், அவனுக்கு அந்த விளக்கு இருட்டில் பிடித்த தீவட்டி போலத் தெரியும். எனவே, விளக்கு எதுவும் இல்லாமல், இருக்கும் ஒளியையே பெருக்கிக் காட்டும் கருவியை விஞ்ஞானிகள் நாடினர். வியட்நாம் போரில் 1960களில் வந்த ‘விண்மீன் ஒளி நோக்கி’ அவ்வகையின் முதல் வெற்றி. அதன் எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. தலையில் அணிவதற்கு ஏற்ற சிறு கருவிகள் 1970களில் வந்தன. இன்று விமானிகள் அணியும் வகை 1980களில் உருவாகியது.

இக்கருவி ஒளியைப் பெருக்கும் முறை சுவையானது. முன்புள்ள வில்லை, காட்சியின் பிம்பத்தை ஒரு மெல்லிய தகட்டின்மேல் விழச் செய்கிறது. காலியம் ஆர்சனைடு என்னும் பொருள் பூசப்பட்ட அத்தகடு, ஒளி பட்ட இடங்களில் எலெக்ட்ரான்களை வெளிவிடுகிறது. ஒளி மிக்க இடத்தில் எலெக்ட்ரான் மிகுதி. மங்கிய இடத்தில் குறைவு. இவ்வாறு ஒளிப் பிம்பம் எலெக்ட்ரான் பிம்பமாக மாறுகிறது. அடுத்து இருப்பது, கருவியின் உயிர்நாடி எனத் தக்க கண்ணாடி வில்லை. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள அதில் பல இலட்சம் நுண்துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையின் அகலமும் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான். துளைக்குள் புகும் ஓர் எலெக்ட்ரான் சுவரில் மோதிச் சிலவற்றை வெளியேற்றும். அவை மீண்டும் மோதி மேலும் பலவற்றை வெளியேற்றும். ஒன்று நுழைந்த வழியில் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் வெளிவரும். அவை சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு, பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையைப் போன்ற ஒளிர்திரையில் மோத, அங்கே மீண்டும் ஒளிப் பிம்பம் தோன்றுகிறது. வில்லையினால் தலைகீழான பிம்பத்தை நிமிர்த்துவதற்கு, நுண்ணிய கண்ணாடி இழைகளின் கட்டு ஒன்றை அரைச் சுற்று முறுக்கி வைத்திருக்கிறார்கள். இத்தனையும் ஒரு கட்டைவிரல் நீளக் குழாய்க்குள் அடங்குகின்றன. டார்ச் விளக்குக்குப் போடும் சிறு மின்கலமே இதற்குப் போதும்.

திரை பச்சை நிறமாக இருப்பது, மனிதக் கண் பச்சை ஒளியையே மிக நன்றாக உணரும் என்பதால். அண்மைக்காலத்தில் வெண்ணிறத் திரையுள்ள குழாய்களும் பரவியுள்ளன. நிறம் எதுவாயினும், காட்சியில் ஒரே நிறந்தான். சிவப்புச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியாது.

ஆனால் வேறொரு வேறுபாடு தெரியும். மனிதக் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளத்துடன் நின்றுவிட, இக்குழாய் 900 நானோமீட்டர் வரை உணர்கிறது. இரவு வானில், தரைக்கு மேல் 80, 90 கிலோமீட்டர் உயரத்தில், காற்றின் மூலக்கூறுகள் தாமாகவே மெல்லிய ஒளி வீசுகின்றன. அதில் பெரும்பகுதி இந்த அண்மை அகச்சிவப்பில்தான் உள்ளது. பச்சிலைகள் இவ்வொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புபவை. அதனால் வெறுங்கண்ணுக்குக் கருமையாகத் தோன்றும் தோப்பு, கண்ணாடிக்குள் வெண்பனி படிந்தாற்போல் பளிச்சிடும். பகலில் இலையின் நிறத்தோடு ஒன்றிப் போகும் துணி, இரவில் இலைகளுக்கிடையே கரும்புள்ளியாகத் தனித்து நிற்கவும் கூடும். படைவீரரின் உடைக்குச் சாயம் தேர்ந்தெடுப்பவர்கள் இதனைக் கணக்கில் கொள்கிறார்கள்.

இனி, நடைமுறையில் இதன் பயன் எவ்வளவு என்று பார்ப்போம். நல்ல நிலவொளியில், இன்றைய சிறந்த கண்ணாடி அணிந்தவர் எழுத்துப் பலகையில் கீழிருந்து இரண்டு மூன்று வரிகளுக்கு மேலுள்ளவற்றைப் படிக்கலாம். மருத்துவர் மொழியில் 6/7.5 முதல் 6/9 வரை. விண்மீன் ஒளியில் இது 6/12 அல்லது அதற்கும் கீழாக இறங்கும். வெறுங்கண்ணின் 6/60உடன் ஒப்பிடும்போது இது மிகப் பெரிய இலாபம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் பற்றவைக்கும் பீடியின் நெருப்பும் இதில் தெளிவாகத் தெரியும். கால்நடையாக ரோந்து செல்பவர்க்கும், மலைப்பகுதியில் இரவில் பறப்பவர்க்கும் இது உயிர் காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒளி குறையக் குறையப் படத்தில் ஒருவகைத் துடிப்பு தோன்றும். எண்ணற்ற மின்மினிகள் மொய்ப்பது போலத் திரை முழுவதும் புள்ளிகள் மின்னும். இதனை ஓர் உவமையால் விளக்கலாம். தொலைதூர நிலையத்தின் மெல்லிய ஒலியை வானொலிப் பெட்டியில் கேட்க முயல்கிறோம். ஒலியைக் கூட்டினால் பாட்டும் பெரிதாகும், இரைச்சலும் பெரிதாகும். பெட்டியின் விலையை உயர்த்துவதால், நிலையத்திலிருந்து வந்து சேராத பாட்டு வந்துவிடாது. ஒளியும் அவ்வாறே. ஒளி துகள் துகளாக வருவது. மேகம் மூடிய இரவில், அடர்ந்த காட்டின் இலைக்கூரைக்கு அடியில், வில்லைக்குள் புகும் துகள்கள் மிகச் சிலவே. அவற்றை இருபதாயிரம் மடங்கோ ஐம்பதாயிரம் மடங்கோ பெருக்கினாலும், வராத துகளைப் பெருக்க இயலாது. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே என்று ஆசிரியர்கள் வகுப்பில் கூறுவது இங்கும் பொருந்தும். மூடிய குகைக்குள் இக்கண்ணாடி வெறும் சுமையே. அங்கே பழைய அகச்சிவப்பு விளக்கையே நாட வேண்டும்.

ஒளி குறைவு ஒருபுறம் துன்பம் தர, ஒளி மிகுதி மறுபுறம் துன்பம் தருகிறது. தெருவிளக்கு, வண்டியின் முகவிளக்கு முதலியவற்றைச் சுற்றி ஒரு பெரிய ஒளிவட்டம் படர்ந்து, அருகிலுள்ள பொருள்களை மறைத்துவிடும். காட்சியில் வலுவான விளக்கு ஒன்று நுழைந்ததும், குழாய் தன்னைக் காத்துக்கொள்ள முழுப் படத்தையும் மங்கச் செய்யும். விளக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை ஊகிப்பதும் கடினம். பிரகாசமானது அண்மையில் இருப்பதாகவும் மங்கலானது சேய்மையில் இருப்பதாகவும் மனம் தானாகவே முடிவு செய்கிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி இரவு, வாஷிங்டன் நகரில் போட்டோமாக் ஆற்றின்மேல் இராணுவ ஹெலிகாப்டர் ஒன்று பயணி விமானம் ஒன்றுடன் மோதி, இரண்டிலும் இருந்த 67 பேரும் மாண்டனர். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் பயிற்சிக்காக இரவு நோக்குக் கண்ணாடி அணிந்திருக்கக்கூடும் என்று விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தெரிவித்தது. பறந்த உயரம், வழித்தடத்தின் அமைப்பு, வானொலியில் முழுமையாகக் கேட்கப்படாத சொற்கள் எனப் பல காரணங்கள் அவ்விசாரணையில் பேசப்பட்டன. கண்ணாடியைத் தனியே குற்றம் சாட்டுவது நியாயமாகாது. எனினும் இருண்ட பாலைவனத்தில் கைகொடுத்த கருவி, விளக்குகள் கொட்டிக் கிடக்கும் மாநகரின் மேல் அதே துணையைத் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மற்றொரு குறையைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மனிதனின் இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் 180 பாகைக்கு மேல் காண்கின்றன. பொதுவாக வழக்கிலுள்ள இரவு நோக்குக் கண்ணாடியின் காட்சிப் பரப்பு 40 பாகைதான். மீதியெல்லாம் இருள். குதிரைக்குக் கண்பட்டை கட்டினாற் போன்ற நிலை இது. பக்கத்தில் ஒன்று அசைந்தாலும் தெரியாது. எனவே அணிந்தவர் தலையை இடைவிடாமல் இருபுறமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு குழாய்கள் கொண்டு 97 பாகை காட்டும் கண்ணாடிகளும் உண்டு. அவற்றின் விலை அவற்றை ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்துள்ளது. தலையைத் திருப்புவதும் எளிதன்று. அரைக்கிலோவுக்கு மேற்பட்ட பாரம் நெற்றிக்கு முன்னால் தொங்குகிறது. அதைச் சமன் செய்யத் தலைக்கவசத்தின் பின்புறம் எதிர்ப்பாரம் ஒன்றை வைக்கிறார்கள். இரண்டும் கழுத்தின்மேல்தான் ஏறுகின்றன. விமானிகளின் கழுத்துவலி படை மருத்துவர்கள் நன்கறிந்த தொல்லை.

ஆழத்தை உணர்வதும் குறைகிறது. படம் தட்டையாகத் தோன்றும். படிக்கட்டின் கடைசிப் படி, சிறு வாய்க்கால், தரையின் சரிவு ஆகியவை ஏமாற்றும். மின்கம்பிகள் பெரும்பாலும் தெரியவே மாட்டா. பயிற்சி பெற்ற விமானி கம்பியைத் தேடாமல், கம்பத்தைத் தேடுகிறார். தூரத்துக்குக் குவியப்படுத்திய கண்ணாடியில் கையிலுள்ள வரைபடம் மங்கும். அதனால் விமானிகள் கருவிப் பலகையைக் கண்ணாடிக்கு அடியிலுள்ள இடைவெளி வழியாகப் பார்க்கிறார்கள். அப்பலகையின் விளக்குகளும் சாதாரணமானவை அல்ல. சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தால் அதுவே பெருகிக் கண்ணாடியைக் குருடாக்கும் என்பதால், நீலப்பச்சை நிற விளக்குகளே பொருத்தப்படுகின்றன. கண்ணாடியின் முன்பும் வடிகட்டி ஒன்று வைக்கப்படுகிறது. இதனால் எதிர்பாராத ஒரு சங்கடம் விளைந்தது. உயர்ந்த கோபுரங்களின் உச்சியில் பழைய சூடுபடு விளக்குகளுக்குப் பதிலாக இப்போது சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. பழைய விளக்கு அகச்சிவப்பையும் சேர்த்து வீசியது. புதியது, அளந்து வைத்த சிவப்பை மட்டும் வீசுகிறது. அந்தச் சிவப்பை வடிகட்டி தடுத்துவிடுவதால், வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோபுர விளக்கு கண்ணாடிக்குத் தெரியாமற் போவதுண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இது குறித்து விமானிகளை எச்சரித்துள்ளது. மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த மாற்றம் எங்கோ பறக்கும் ஒருவனுக்கு ஆபத்தாக முடியும் என்று எவர் நினைத்திருப்பார்?

புகை, மூடுபனி, மழை, புழுதி ஆகியவற்றை இக்கண்ணாடி ஊடுருவாது. மெல்லிய ஈரப்படலத்தை ஓரளவு ஊடுருவும். அதுதான் மேலும் ஆபத்து. மேகத்துக்குள் புகுந்துவிட்டதை விமானி உடனே உணரமாட்டார். தூரத்து விளக்குகளைச் சுற்றியுள்ள வட்டம் பெரிதாவதும், மின்மினித் துடிப்பு மிகுவதுமே அதற்கு முன்னறிவிப்பு. இவற்றைக் கண்டவுடன் திரும்ப வேண்டும் என்பதைப் பயிற்சியிலேயே பழக்குகிறார்கள்.

வெப்பத்தைக் காட்டும் கருவியையும் இதையும் ஒன்றெனக் கருதும் பிழை மிகப் பரவலானது. வெளிக்களப் பணியாளர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒளிபெருக்கும் கண்ணாடி, பொருள்மீது பட்டுத் திரும்பும் ஒளியைக் காண்கிறது. வெப்பம் காட்டும் கருவியோ, பொருள் தானாகவே வீசும் கதிரைக் காண்கிறது. 37 பாகை உஷ்ணமுள்ள மனித உடல் வீசும் கதிரின் அலைநீளம் 9 மைக்ரானை ஒட்டி மிகுந்திருக்கும். முதல் கருவி உணரும் எல்லையைப்போல் இது பத்து மடங்கு. ஆகவே வெப்பம் காட்டும் கருவிக்கு விண்மீனும் வேண்டாம், நிலவும் வேண்டாம். முழு இருளிலும் அது காணும். புதரின் இடுக்கில் சிறிதளவு தெரியும் விலங்கின் உடலையும் சுட்டிக் காட்டும். ஆனால் அது முகத்தைக் காட்டாது, எழுத்தைக் காட்டாது. சாதாரணக் கண்ணாடிச் சன்னல் அதற்குச் சுவர் போன்றது. காலையிலும் மாலையிலும் மண், கல், மரம் யாவும் ஒரே உஷ்ணநிலையை அடையும் வேளையில் படம் வெளிறிப் போகும். கோடை இரவில், பகல் முழுவதும் காய்ந்த பாறை மனித உடலின் சூட்டிலேயே இருக்குமாயின், அதன்முன் நிற்பவரைப் பிரித்தறிவது எளிதன்று. 2024ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் மக்களைத் தாக்கிய ஓநாய்களைத் தேட வனத்துறையினர் வெப்பம் காட்டும் கருவி பொருத்திய டிரோன்களைப் பயன்படுத்தினர். அங்கே கரும்பு வயல்கள் தேடுதலைக் கடினமாக்கின. ஓங்கி வளர்ந்த கரும்பின் அடியில் பதுங்கும் விலங்குக்கு எக்கருவியும் அஞ்சத் தக்கதன்று.

வாதி சயித்னாவில் இறங்கிய விமானிகள் இருவகைக் கருவிகளையும் வரிசையாகப் பயன்படுத்தியதன் பொருள் இப்போது விளங்கும். ஓடுபாதையில் வண்டியோ விலங்கோ மனிதரோ இருந்தால் முதற்கருவி காட்டிவிடும். சாய்வையும் ஓரத்தையும் கண்டு விமானத்தைத் தரையில் வைப்பதற்கு இரண்டாவது. அதன் பின்னரே பயிற்சி. இத்தகைய இறக்கத்தை நமது விமானப் படையினர் மலைநாட்டிலும் பழகி வருகின்றனர். 2024 ஜனவரியில் கார்கில் ஓடுபாதையில் சி-130ஜே விமானம் முதன்முறையாக இரவில் இறங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் கிழக்குப் பகுதியிலுள்ள முன்னணித் தளம் ஒன்றில் இரவு நோக்குக் கண்ணாடியின் துணையால் இறங்கினர்.

இக்கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டிலும் நடைபெறுகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழுள்ள டேராடூன் கருவியியல் நிலையம் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மசூலிப்பட்டினம் தொழிற்சாலை இரவு நோக்குக் கருவிகளைச் செய்கிறது. அதன் துணை நிறுவனம் புனேயில் ஒளிபெருக்கும் குழாய்களையே உற்பத்தி செய்கிறது. குழாய் செய்வதே இதில் கடினமான பகுதி.

இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘நைட் விஷன்’ என்ற பெயரில் விற்கப்படும் கருவிகளைப் பற்றியும் கூறவேண்டும். ஏனெனில் இவற்றை வாங்கி ஏமாந்தவர் பலர். இவற்றுள் பெரும்பாலானவற்றில் மேலே கூறிய குழாய் கிடையாது. கைப்பேசியில் உள்ளது போன்ற ஒரு சிறு காமிராவும், ஓர் அகச்சிவப்பு விளக்கும், ஒரு திரையுமே உள்ளன. விளக்கின் வீச்சு எட்டும் வரை தெரியும். அதற்கு அப்பால் தெரியாது. வீட்டுத் தோட்டத்தில் புகுந்த காட்டுப்பன்றியைப் பார்க்க இது போதும். நடந்து செல்ல இது போதாது. படம் சற்றுத் தாமதித்து வருவதால் தலை சுற்றும். உண்மையான குழாய்க் கண்ணாடியின் விலை இலட்சங்களில் உள்ளது. அரசுப் பணிக்காகக் கருவி வாங்குவோர், விற்பவர் கூறும் தூரக் கணக்கை அப்படியே ஏற்கக் கூடாது. அந்தத் தூரத்தில் தெரிவது ஏதோ ஒன்று நிற்கிறது என்பதா, அது மனிதன் என்பதா, இன்ன மனிதன் என்பதா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் தூரம் வேறு வேறு. நிலவில்லாத இரவில், தம் பணியிடத்திலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. பகலில் கடையின் இருட்டறையில் காட்டப்படும் சோதனையால் பயனில்லை.

ஆசிரியர்கள் இவற்றுள் சிலவற்றை வகுப்பறையிலேயே காட்டலாம். தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் காமிராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெண்புள்ளியாக மின்னும். பின்புறக் காமிராவில் தெரியாவிடில் முன்புறக் காமிராவில் முயலலாம். சிலவற்றில் தடுப்பு வடிகட்டி உண்டு. மலிவான இரவுக் கருவிகளின் தத்துவம் இதுவே. இருளுக்குக் கண் பழகுவதைக் காட்ட, மாணவன் ஒருவனின் ஒரு கண்ணை அரை மணி நேரம் கறுப்புத் துணியால் கட்டிவைத்து, பின்னர் இருட்டறைக்கு அழைத்துச் சென்று கட்டை அவிழ்த்து, கண்களை மாறி மாறி மூடித் திறக்கச் செய்யலாம். ஒரு கண்ணுக்குத் தெரியும் நாற்காலி மற்றதற்குத் தெரியாது.

நாற்பது பாகைக் காட்சியை உணர்த்துவது இன்னும் எளிது. தடித்த அட்டையைச் சுருட்டி, 4 சென்டிமீட்டர் விட்டமும் ஐந்தரைச் சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரு குழாய்கள் செய்து, கண்ணுக்கு ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். அவற்றோடு மாணவனை விளையாட்டு மைதானத்தில், பகல் வெளிச்சத்திலேயே, நடக்கச் சொல்லலாம். அருகில் ஒருவர் துணைக்கு வருவது அவசியம். பத்து அடி செல்வதற்குள் அவன் தலையை ஆட்டி ஆட்டி இருபுறமும் தேடத் தொடங்குவான். மென்மையான பந்து ஒன்றைப் பக்கத்திலிருந்து எறிந்தால், அது தோளில் படும்வரை அறியமாட்டான். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்க்க முயல்வான். தரையைக் கண்டால் எதிரே வருபவரைக் காணமாட்டான், எதிரே பார்த்தால் தரையைக் காணமாட்டான்.